காதில் விழாத துடக்கு

பாரிஸ் லா சப்பலில் ஒருவர் தும்மினால் புறநகர் பொபினியிலிருந்து "சுகமோ?" என்று கேட்பார்கள். இது நான் சொன்னதல்ல. வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் கடைக்கு முருங்கைக்காய் வாங்க வருகிற ஓர் அக்கா சொன்னது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். மிச்சத்தை எல்லாம் எங்கள் காய்கறிக் கடைக்கு வந்து போனவர்கள்தான் படிப்பித்தார்கள். ஆட்களின் வாயிலிருந்து விழுகிற நல்ல சொல்லை நான் விடுவதில்லை. தராசில் வெண்டிக்காயை நிறுத்துக்கொண்டே அதையும் எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.

அக்கா சொன்னது எவ்வளவு உண்மை என்பது, எனக்கு நெஞ்சு அடைத்து, இதயக் குழாய்க்குள் கம்பிச்சுருள் வைத்த அந்த மாரிகாலத்தில் தெரிந்தது. ஒரு காலை கடையின் இரும்புக் கதவு திறக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஒபர்வில்லியேயில் இருக்கிற மொத்த வியாபாரி வரைக்கும் செய்தி போய்விட்டது. எல்லாரும் என் மனைவிக்குத்தான் போன் எடுத்தார்கள். அவள் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி நடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து சிவனோடு கதைத்துக்கொண்டிருந்தாளாம்.

என்ன கதைத்தாள் என்பதை, நான் வீட்டுக்கு வந்து உப்பில்லாத சூப்பை முகம் சுளித்துக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாள்.

"நேர்த்தி வைச்சிருக்கிறன். உங்களுக்கு அறுபது முடியிற நட்சத்திரத்தண்டு, உங்கடை கையைப் பிடிச்சுக்கொண்டு ஒரு சிவன் கோயிலை மூண்டு தரம் சுத்தி வருவன் எண்டு."

"அதுக்கென்ன, சுத்துவம்."

"அறுபது முடியுமட்டும் நீங்கள் இருக்கவேணும். அதுதான் கதை. சூப்பைக் குடியுங்கோ."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் நான் படியேறும்போது அவள் பின்னால் நின்று என் மூச்சை எண்ணுகிறாள் என்பது எனக்குத் தெரியும்.

அறுபது கிட்ட வந்தபோது மகளும் மகனும் சேர்ந்து எங்களுக்கு ஒரு கப்பல் பயணம் எடுத்துத் தந்தார்கள். சிங்கப்பூரில் ஏறி வியட்நாம் பக்கமெல்லாம் போகிற கப்பல். பிள்ளைகள் விடுமுறையைப் பார்த்தார்கள், விலையைப் பார்த்தார்கள், பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. மனைவி பார்த்தாள். என் நட்சத்திரம் மிருகசீரிடம், நாங்கள் கப்பலில் இருக்கிற நாளில்தான் வந்தது. அந்த வருடம் பிறந்த தேதியும் நட்சத்திரமும் ஒரே நாளில் வேறு விழுந்திருந்தன.

"நடுக்கடலிலை சிவன் கோயிலுக்கு நான் எங்கை போறது?" என்று மகளைப் பிடித்துக்கொண்டாள்.

மகள் கப்பல் கொம்பனியின் புத்தகத்தை எடுத்து, பிரெஞ்சில் இருந்ததைத் தமிழில் கஷ்டப்பட்டுச் சொன்னாள். அன்று கப்பல் நடுக்கடலில் இல்லையாம். வியட்நாமில் டா நாங் என்ற துறையில் நிற்குமாம். விருப்பமானவர்களை பஸ்ஸில் மீ சோன் என்ற இடத்துக்குக் கூட்டிப்போவார்களாம். "பழைய இந்துக் கோயில்கள், அம்மா. சிவனுக்குக் கட்டினது எண்டு போட்டிருக்கு."

மனைவி அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு, "அப்ப பிள்ளையள் ஒழுங்கு பண்ணேல்லை. அவர்தான் பண்ணியிருக்கிறார்," என்றாள். அந்தப் பயணத்துக்கு அன்றைக்கே எங்கள் பெயர் பதியப்பட்டது.

கோயில் என்றால் பூசை இருக்கும், ஐயர் இருப்பார், அருச்சனைக்குத் தட்டம் நீட்டலாம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். அவள் தன் பட்டுச் சேலையையும் என் பட்டு வேட்டியையும் பெட்டியில் வைத்தாள். கப்பலேறுவதற்கு முதல்நாள் சிங்கப்பூரில் குடுமியோடு ஒரு நல்ல தேங்காய் வாங்கினாள். கற்பூரத்தையும் நெருப்புப்பெட்டியையும் கப்பல் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். தேங்காயை விட்டுவிட்டார்கள். எங்கள் அறையைத் துப்புரவு செய்கிற பொடியன் துவாயை மடித்து மிருகங்கள் செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போவான். இரண்டாம் நாள் துவாயில் ஒரு குரங்கு செய்து, அதன் மடியில் எங்கள் தேங்காயை வைத்திருந்தான். மனைவிக்குக் கோபம் வருமோ என்று பார்த்தேன். "ஆஞ்சநேயர் வைச்சிருந்தால் பிழையில்லை," என்றாள்.

கப்பலில் தமிழ் கதைக்க எங்களுக்கு ஒரே ஓர் ஆள்தான் அகப்பட்டார். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுத் தபால் இலாகாவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர். அவருடைய மனைவிக்குக் கடலைக் கண்டாலே வயிற்றைப் பிரட்டுமாம், அதனால் தனியாக வந்திருந்தார். என்னை "மொசியே" என்றும் என் மனைவியை "மதாம்" என்றும் கூப்பிடுவார். எங்கள் தமிழைக் கேட்டு அவர் சிரிப்பார், அவருடைய தமிழைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். சாப்பாட்டு மேசையில் ஒரு குறையும் இருக்கவில்லை.

இப்படியே போய், அந்த நாள் விடிந்தது.

நான் வேட்டி கட்டிக்கொண்டிருந்தேன். மனைவி கண்ணாடிக்கு முன்னால் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. மகள்.

"அப்பா, நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. இண்டைக்குக் கோயிலுக்குப் போட்டு வருமட்டும் போனைப் பாக்கக்கூடாது. குடும்பக் குழுவைத் திறக்கவே கூடாது. ப்ரோமி?"

சத்தியம் கேட்கிறாள். நானும் சிரித்துக்கொண்டு சரி என்றேன். வைத்துவிட்டாள். மனைவி கேட்டபோது நடந்ததை அப்படியே சொன்னேன்.

பொட்டு வைத்த விரல் நெற்றியிலேயே நின்றுவிட்டது.

"அங்கை இப்ப சாமம். நித்திரை கொள்ளாமல் எழும்பி இருந்து, இதைச் சொல்லவோ எடுத்தவள்?"

இதில் என்ன இருக்கிறது என்று எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பங்காளி வீட்டில் ஒரு சாவு நடந்தாலும் ஒரு பிள்ளை பிறந்தாலும் எங்களுக்குத் துடக்கு. முப்பத்தோராம் நாள் கழிவு செய்யுமட்டும் கோயில் வாசலை மிதிப்பதில்லை. ஆனால் துடக்கு, செய்தியைக் கேட்ட பிறகுதான் பிடிக்கும் என்றும் ஒரு வழக்கம் இருக்கிறது. அதனால் ஒரு வீட்டில் கலியாணமோ நேர்த்தியோ இருந்தால், உறவுக்காரர் செய்தியை அமுக்கி வைத்திருந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வார்கள். லா சப்பலில் தேர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினவர் எதிரே வந்தால், அவருடைய சொந்தக்காரர்கள் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறிப் போவதை நான் கண்டிருக்கிறேன். வாய் தவறி எதையாவது சொல்லிவிடுவோமோ என்ற பயம்.

கனடாவில் என் அண்ணை இருக்கிறார், உடம்புக்கு முடியாத வருத்தக்காரர். அவருடைய மகனின் மனைவிக்கு அது ஒன்பதாம் மாதம். இரண்டும் ஒரே வீடு. செய்தி எதுவாக இருந்தாலும் எங்களுக்குத் துடக்குத்தான்.

அண்ணைக்கு ஏதும் ஆகிவிட்டதோ? திரும்பவும் மகளுக்கு எடுத்தேன்.

"பிள்ளை, ஒண்டை மட்டும் சொல்லு. சந்தோசமான விசயமோ, துக்கமோ?"

"சந்தோசம் அப்பா, சந்தோசம்! இனிக் கேக்காதேங்கோ, எல்லாம் பழுதாப் போடும்!" அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

மனைவி கட்டிலில், துவாயில் செய்த மிருகத்துக்குப் பக்கத்தில் இருந்துவிட்டாள். முகத்தில் சந்தோசமும் இருந்தது, இடி விழுந்ததும் இருந்தது.

"பிறந்திட்டுது," என்றாள். பிறகு, "எண்டாலும் பாத்தியளோ, முறை தெரிஞ்ச பிள்ளை. பாரிசிலை பிறந்து வளந்தது. நேர்த்தி முடியுமட்டும் சொல்லக்கூடாதெண்டு ஆர் சொல்லிக் குடுத்தது?"

"நீர்தான் சொல்லியிருப்பீர்."

"நான் சொல்லேல்லை. தானாத் தெரிஞ்சிருக்கு." அந்த இடியிலும் அவளுக்கு அதில் ஒரு பெருமை.

நான் கடைக்காரன். ஒரு பெட்டி தக்காளியில் பாதி பழுதென்றால், மற்றப் பாதியை எடுத்துக் காட்டத் தெரியவேண்டும். "இஞ்சை பாரும், எங்களுக்கு ஒருதரும் ஒண்டும் சொல்லேல்லை. காதிலை விழேல்லை. விழாததுக்குத் துடக்கில்லை. 'பிறந்திட்டுது' எண்டு சொன்னது நீர் மட்டும்தான்."

"நான் சொன்னதை நீங்கள் கேட்டிட்டியள்தானே? அப்ப முதல் துடக்கு உங்களுக்குத்தான்."

கதவைத் தட்டி, பஸ் புறப்படுகிறது என்றார்கள். தேங்காயைக் கையில் எடுத்தேன். கப்பல் வாசலில் நின்ற காவலாளி, சாப்பாட்டுச் சாமான் கரைக்குக் கொண்டுபோகக்கூடாது என்று தலையை ஆட்டினார். திரும்பிப் போய் அறையில் வைத்துவிட்டு வந்தேன். "பாத்தியளோ?" என்றாள் மனைவி, அதுவும் ஓர் அறிகுறி என்பதுபோல.

பஸ்ஸில் அரைக் காற்சட்டை, தொப்பி, கமரா என்று பிரெஞ்சுக்காரர். நடுவில் நான் பட்டு வேட்டி, கீழே ஓடுகிற சப்பாத்து. பாண்டிச்சேரிக்காரர் எங்களுக்குப் பின் ஆசனத்தில் வந்து இருந்தார்.

"மொசியே, மாப்பிள்ள மாதிரி இருக்கீங்க. மதாம் மொகம் மட்டும் ஏன் வாடியிருக்கு?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்தியை, போனை, துடக்கை. அவர் கவனமாகக் கேட்டார்.

"ஓகோ, தீட்டு. எங்க பக்கத்துலயும் சொல்லுவாங்க. சாவுன்னா புரியுது. கொழந்த பொறந்தது நல்ல சேதிதானே மதாம்? அதுக்கு எதுக்குக் கோயில நிறுத்தணும்?"

"நல்ல சேதிதான். வீட்டிலை அவ்வளவு பெரிய விசயம் நடந்தால், ஆக்கள் வீட்டைப் பாக்கவேணும். அந்த நேரம் கோயிலுக்கு அலையக்கூடாது. அதுக்குத்தான் வைச்சிருக்கினம் எண்டு நினைக்கிறன்," என்றாள் மனைவி. இப்படி ஒரு விளக்கத்தை நான் அவளிடம் முதல்தரம் கேட்டேன். எடுத்து வைத்துக்கொண்டேன்.

"இன்னைக்கு விட்டா அடுத்த மாசம் அதே நட்சத்திரம் வராதா?"

"நட்சத்திரம் வரும். அறுபது முடியிறது இண்டைக்குத்தான்." சொல்லிவிட்டு அவள் யன்னலுக்கு வெளியே திரும்பிவிட்டாள். வயல் ஓடியது, எருமைகள் ஓடின. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை என்பதை அவளுடைய பின்கழுத்தே எனக்குச் சொன்னது.

மீ சோன் மலைகளுக்கு நடுவில் ஒரு கிண்ணம்போல இருக்கிறது. பூனைப்பல் மாதிரி ஒரு மலை மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். சின்ன மின்சார வண்டியில் கொஞ்சத் தூரம் கொண்டுபோய் விட்டார்கள், மிச்சம் மரநிழலில் நடை. பிறகு மரம் விலக, செங்கல் கோபுரங்கள். சிவப்பு, சில இடம் கறுப்பு, தலையில் புல் முளைத்திருக்கிறது. சில கோபுரங்கள் பாதியோடு நின்றன. சுவரில் ஆட்கள் கைகூப்பி நிற்கிறார்கள், சிலருக்குத் தலை இல்லை. சாம் என்கிற சனங்களின் ராசாக்கள் கட்டினவையாம். எங்களுக்கு வழிகாட்டிய வியட்நாம் பெண் நல்ல பிரெஞ்சு கதைத்தாள்.

மனைவி அவளிடம் போய் தன் பிரெஞ்சில் கேட்டாள்: பூசை எத்தனை மணிக்கு?

அந்தப் பெண் ஒரு நிமிடம் விளங்காமல் நின்றாள். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னாள். "மதாம், இங்கே பூசை நின்று நூற்றாண்டுக் கணக்காகிவிட்டது. வீடு இருக்கிறது. வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார்."

ஐயர் இல்லை, மணி இல்லை, விளக்கு இல்லை. எனக்கு இதுவே நல்ல சாட்டாகப் பட்டது.

"பாரும், கொடிமரம் இல்லை. ரிக்கற் கிழிச்சு உள்ளுக்கு விடுகினம். எல்லாரும் சப்பாத்தோடை போகினம். உது கோயில் இல்லை, மியூசியம். மியூசியத்துக்கு என்ன துடக்கு? வாரும், போய்ச் சுத்துவம்."

"கோயில் இல்லையெண்டால் என்ரை நேர்த்தி என்னண்டு முடியும்?"

"அப்ப கோயில் எண்டு வையும்."

"கோயில் எண்டால் துடக்கோடை என்னண்டு போறது? இரண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ."

பழுதாகாத பாதி என்று காட்டுவதற்கு அந்தப் பெட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பாண்டிச்சேரிக்காரர் தொண்டையைச் செருமினார். "மதாம், எனக்குத் தீட்டு கெடையாது. வேணும்னா உங்க பேர்ல நான் சுத்திட்டு வரேன்."

"உங்கடை மாதா என்ன நினைப்பா?"

"ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. அவங்களும் புள்ள பெத்தவங்கதானே." பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு சந்தேகம். நேர்த்தியில மொசியே கையப் புடிச்சிட்டுன்னு இருக்கே. நானும் இவரு கையப் புடிக்கணுமா?"

காலையிலிருந்து முதல்தரமாக அவள் சிரித்தாள். சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "நீங்கள் போட்டு வாங்கோ தம்பி. நாங்கள் வெளியிலை நிக்கிறம்." அவர் அவளைவிட மூத்தவர். ஆனாலும் தம்பிதான்.

கூட்டம் உள்ளே போனது. நாங்கள் இரண்டு பேரும் இடிந்த மதிலுக்கு வெளியே மரநிழலில் நின்றோம். உள்ளே வழிகாட்டிப் பெண்ணின் குரலும் கமராக்களின் சத்தமும் கேட்டன. மனைவி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், நாடி பார்க்கிறவள்போல.

அவள்தான் முதலில் கண்டாள். நாங்கள் நின்ற பக்கத்தில், மதிலுக்கு வெளியே, புல்லுக்குள் ஒரு கல். கிட்டப் போனோம். லிங்கம். ஆவுடையார் இல்லை, கூரை இல்லை, சுற்றிக் கட்டின கயிறுகூட இல்லை. மழையும் வெயிலும் பட்டு, உச்சியில் பாசி பிடித்து, தனியாக நின்றார்.

மனைவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"இஞ்சருங்கோ, இவர் வெளியிலையல்லோ நிக்கிறார்."

"ஓம்."

"நாங்களும் வெளியிலைதான் நிக்கிறம்."

"ஓம்."

"துடக்கெண்டால் கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. நாங்கள் மிதிக்கேல்லை. தேர் வெளிக்கிட்டு லா சப்பல் தெருவிலை வந்தால், துடக்குக்காரர் கண்ணை மூடிக்கொண்டே நிக்கினம்? தூர நிண்டு கும்பிடுகினம்தானே. வெளிவீதி எல்லாருக்கும் பொது." அவள் செருப்பைக் கழற்றினாள். "சப்பாத்தைக் கழட்டுங்கோ. மதிலோடை ஒட்டாமல் வெளியாலை போவம். இவரையும் சேத்து, முழுக் கோயிலையும் சேத்து."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சப்பாத்துக்குள்ளிருந்து காலை இழுத்தெடுத்தேன். கற்கள் சுட்டன. அவள் என் கையைப் பிடித்தாள், நாங்கள் நடக்கத் தொடங்கினோம்.

அந்தக் கோபுரக் கூட்டத்தை வெளியால் சுற்றி ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. பின்பக்கத்தில் புல் முளைத்த ஒரு பெரிய வட்டக் குழி, அதில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பக்கத்தில் ஒரு பலகை. அது என்ன குழி என்று பலகை பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஆட்கள் நாங்களில்லை. விமானம் மேலேயிருந்து போட்டவை எப்படிப் பள்ளம் தோண்டும் என்று எங்கள் ஊரிலேயே பார்த்தவர்கள். அவள் என்னைக் கரைப் பக்கம் விட்டு, தான் குழிப் பக்கமாக நடந்தாள்.

இரண்டாம் சுற்றில் ஒரு சின்ன ஏற்றம். நான் மெதுவாக நடந்தேன்.

"மூச்சு வாங்குதோ?"

"இல்லை."

"பொய் சொல்லாதேங்கோ. அந்த மூச்சுக்குத்தான் இந்தச் சுத்து."

நின்று மூச்சு விட்டேன். உண்மையில் அவ்வளவு வாங்கவில்லை. பழைய பயம்தான். அவளும் நின்றாள். ஒரு பறவை எங்கேயோ ஒரே மாதிரிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பிறகு நடந்தோம்.

மூன்றாம் சுற்றில் பின்னால் காலடி கேட்டுத் திரும்பினேன். பாண்டிச்சேரிக்காரர். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சப்பாத்தையும் மற்றக் கையில் தூக்கிக்கொண்டு, எங்களுக்குப் பின்னால் வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார். ஒன்றும் கேட்காதீர்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

சுற்றி முடித்து லிங்கத்துக்கு முன்னால் வந்து நின்றோம். அவள் பையிலிருந்து விபூதியை எடுத்து முதலில் என் நெற்றியில் பூசினாள். பிறகு என் நெஞ்சில், சட்டைப் பித்தானுக்கு இடையால் விரலை விட்டு, அந்தக் கம்பிச்சுருள் இருக்கிற இடம் என்று அவள் நினைக்கிற இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். அது சரியான இடம் இல்லை. நான் திருத்தவில்லை.

"முடிஞ்சுது," என்றாள். முகம் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. "இனிப் போனைப் பாருங்கோ. பொடியனோ பெட்டையோ எண்டு பாப்பம்."

குடும்பக் குழுவைத் திறந்தேன். நிறைந்து கிடந்தது. முதலாவதாக ஒரு வீடியோ. எங்கள் பக்கத்து நகைக்கடைக்காரர் தன் கடை வாசலில் நின்று கைகூப்பினார். "அண்ணை, அறுபதாம் பிறந்தநாள் வாழ்த்துக்கள். காசு வாங்காமல் கறிவேப்பிலை தந்த ஒரே மனிசன் நீங்கள்தான்." அடுத்தது உணவகத்துப் பொடியள், கொத்துரொட்டிக் கரண்டியைத் தட்டித் தாளம் போட்டார்கள். முருங்கைக்காய் அக்கா. கோயில் ஐயர். அதற்கடுத்தது கனடா.

அண்ணையின் மருமகள் பக்கவாட்டில் நின்றாள். கையை வயிற்றில் வைத்திருந்தாள். பெரிய வயிறு. "மாமா, வாழ்த்துக்கள். உள்ளுக்கிருக்கிற ஆளும் சொல்லச் சொன்னது. ஆள் இன்னும் வெளிக்கிடேல்லை!" பின்னால் என் அண்ணை சாய்கதிரையில் இருந்து கை காட்டினார், முன்னையைவிட நல்ல நிறமாக.

மனைவி போனை என் கையிலிருந்து பறித்தாள். "வயிறு இருக்கு!"

"இருக்கு."

"பிறக்கேல்லை!"

"பிறக்கேல்லை."

மகளுக்கு எடுத்தோம். தூங்காமலே இருந்தாள். பிறந்தநாள் வீடியோக்களைச் சேர்த்து ஒன்றாக்கி இரவு விருந்தில் எங்களுக்குக் காட்ட நினைத்தாளாம். பொறுமையில்லாத மகன் லா சப்பலில் எடுத்தவற்றை முன்னமே குழுவில் போட, மற்றவர்களும் போடத் தொடங்கிவிட்டார்களாம். அதனால்தான் பார்க்கவேண்டாம் என்றாளாம். மனைவி துடக்கைச் சொல்லித் திட்டத் தொடங்கினாள்.

"துடக்கோ? அது என்ன?" என்றாள் மகள்.

நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "முறை தெரிஞ்ச பிள்ளை," என்றேன்.

"நீங்கள் சும்மா இருங்கோ!" என்று என் தோளில் ஓர் அடி. அடித்த கையோடு சிரிப்பு வந்துவிட்டது, அடக்கமுடியாத சிரிப்பு. பாண்டிச்சேரிக்காரருக்கும் விசயம் விளங்கி, அவர் சப்பாத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"அப்போ தீட்டே இல்ல! உள்ள போய் இன்னொரு தரம் சுத்துங்களேன் மதாம், நேரம் இருக்கு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சுத்த வேண்டியதைச் சுத்தியாச்சு. உள்ளுக்குப் போவம், ஆனால் பாக்கத்தான்."

மதிலைத் தாண்டிப் போனோம். கோபுரத்துக்குள் குனிந்து நுழையவேண்டும். உள்ளே குளிர்ச்சி, வௌவால் மணம். செங்கல்லுக்கு நடுவில் பூச்சே தெரியவில்லை, எப்படி ஒட்டியிருக்கிறது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது என்றாள் வழிகாட்டிப் பெண். நடுவில் ஒரு பீடம். அதன்மேல் ஒன்றும் இல்லை.

மனைவி வெறும் பீடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பாத்தியளோ? ஆள் வெளியிலைதான் நிண்டவர்."

அன்றிரவு கப்பலில் கேக் வந்தது. நெருப்புக் கூடாது என்பதால் பற்றரியில் எரிகிற மெழுகுதிரி. மனைவி அறைக்குப் போய், துவாய் மிருகத்தின் மடியிலிருந்த தேங்காயை எடுத்துவந்து பரிமாறுகிறவரிடம் கொடுத்தாள். அவர் கேரளத்துக்காரர். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. சமையலறைக்குள் போய், சரியாகப் பாதியாக உடைத்து, வெள்ளைத் துணி விரித்த தட்டில் கொண்டுவந்து வைத்தார். தேங்காய்த் தண்ணீரை வைன் குடிக்கிற கிளாசில் ஊற்றியிருந்தார். பாண்டிச்சேரிக்காரர் அதை ருசி பார்த்து, "நல்ல வருஷத்துச் சரக்கு," என்றார்.

பாரிஸ் திரும்பி இரண்டாம் வெள்ளிக்கிழமை, கடையில் சனம். கனடாவிலிருந்து அண்ணையின் மகன் எடுத்தான். "சித்தப்பா, இப்பதான்..." என்று தொடங்கினான். நல்ல செய்தி. தாயும் பிள்ளையும் சுகம்.

மனைவி வீட்டிலிருந்து கோயிலுக்குப் புறப்பட்டிருந்தாள். நேரத்தைப் பார்த்தேன். கையில் அர்ச்சனைத் தட்டு, லா சப்பல் மெத்ரோப் படியில் இறங்கிக்கொண்டிருப்பாள். யோசித்து, போன் எடுத்தேன்.

"நீர் கோயிலுக்குப் போட்டு ஆறுதலா வாரும். வருமட்டும் போனை மட்டும் பாக்காதையும்."

அந்தப் பக்கம் மெத்ரோ கடந்து போனது.

"பொடியனோ, பெட்டையோ?" என்றாள்.

நான் போனை வைத்துவிட்டேன். கோயிலுக்குப் போகாமல், கொஞ்ச நேரத்தில் கடை வாசலில் வந்து நின்றாள். தட்டிலிருந்த வாழைப்பழத்தை முருங்கைக்காய் அக்காவுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் தந்தாள். "முப்பத்தொண்டு கழியக் கோயிலுக்குப் போவம், அதுமட்டும் சிவன் பொறுப்பார்," என்று சொல்லிவிட்டு, தராசுக்குப் பின்னால் வந்து நின்று, என் மூச்சைப் பார்க்காமல், போனில் வந்திருந்த பிள்ளையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கினாள்.